நாய் நடத்தை ஆய்வகத்தில் சேர நினைக்கும் மாணவருக்கு: கொல்கத்தாத் தெருவா, அமெரிக்க ஆய்வறையா, வியன்னா ஓநாய்க் கூட்டமா?

விலங்கியலோ உளவியலோ கால்நடை மருத்துவமோ படிக்கிற ஒருவருக்கு நாய்களின் நடத்தையை ஆராயும் ஆசை வந்துவிட்டால், முதலில் தேடுவது பெரிய பல்கலைக்கழகங்களின் பெயர்களைத்தான். டியூக், யேல், புடாபெஸ்ட், வியன்னா. ஆனால் பெயரைப் பார்த்து முடிவெடுப்பது இந்தத் துறைக்குச் சரிப்படாது. இந்த ஆய்வகங்கள் எல்லாம் ஒரே நாயை ஆராய்வதில்லை. ஓரிடத்தில் சோபாவில் தூங்கும் வீட்டு நாய், இன்னோரிடத்தில் மனிதர் கையில் பால் குடித்து வளர்ந்து கூட்டமாக வாழும் நாயும் ஓநாயும், வேறோரிடத்தில் யாருக்கும் சொந்தமில்லாத தெருநாய். எந்த நாயின் முன்னால் போய் நிற்கப் போகிறோம் என்பதைப் பொறுத்துதான் நாம் கற்றுக்கொள்வதும் அமையும்.

இந்தியாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்கு நான் முதலில் சொல்வது கொல்கத்தாவைத்தான். மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில், மோகன்பூரில் இருக்கும் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) கொல்கத்தாவில் பேராசிரியர் அனிந்திதா பத்ரா 2009 முதல் தெருநாய்களை ஆராய்ந்துவருகிறார். அதற்கு முன் அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரின் மாணவியாகக் குளவிகளின் சமூக வாழ்க்கையை ஆராய்ந்தவர். குளவிக் கூட்டின் முன் மணிக்கணக்காக உட்கார்ந்து, எது எப்போது என்ன செய்தது என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் அப்படியே தெருவுக்கு வந்திருக்கிறது. அதனால் அந்த ஆய்வகத்துக்குப் போகிறவர் கருவிகளை இயக்குவதற்கு முன்னால் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். இந்தத் துறையில் அதற்கு மேல் ஒரு அடித்தளம் எனக்குத் தெரிந்து இல்லை.

அங்கே என்ன மாதிரி வேலை நடக்கிறது என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். மனிதர் கையை நீட்டிக் காட்டும் பக்கம் நாய் போகிறதா என்பது இத்துறையின் பழைய கேள்வி. 2002-இல் பிரையன் ஹேரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்க வீட்டு நாய்களிடம் இதைச் சோதித்துவிட்டார்கள். கொல்கத்தாக் குழு இதைத் தெருவுக்குக் கொண்டுபோனது. தனியாக இருக்கும் நாய் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். மூடிய கிண்ணங்களை வைக்க வேண்டும். வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் நடுவில் நின்று ஒரு பக்கம் காட்ட வேண்டும். அதற்குள் இன்னொரு நாய் வந்துவிடும், அல்லது ஒரு ஆட்டோ ஹாரன் அடிக்கும், அல்லது யாராவது வந்து "எதுக்குப்பா வீடியோ எடுக்கற?" என்று கேட்பார்கள். அந்த முயற்சி வீண். அடுத்த நாயைத் தேட வேண்டும்.

2020-இல் வெளியான அந்த ஆய்வில் 160 தெருநாய்களை அணுகினார்கள். ஏறக்குறைய பாதி கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம், யாரும் பயிற்சி கொடுக்காமலேயே, கை காட்டிய பக்கம் போயின. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வராத பாதிதான். அவை பதற்றத்துடன் ஒதுங்கி நின்றவை. ஆய்வறைக்கு வருகிற வீட்டு நாய் காரில் ஏறி, எஜமானருடன், தின்பண்டத்தை எதிர்பார்த்து வருகிறது. மனிதரைக் கண்டு மிரளும் நாய் அந்த வாசல்வரை வருவதே குறைவு. தெருவிலோ மனிதர்மேல் நம்பிக்கை இல்லாத நாயும் கணக்கில் சேர்கிறது. நாய் என்ற உயிரினத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் அந்தப் பாதியை விட்டுவிட முடியாது. உலகத்து நாய்களில் பெரும்பாலானவை இப்படிக் கட்டுப்பாடு இல்லாமல் திரிகிறவைதான்.

இதே குழுவின் இன்னொரு முடிவும் சொல்லத் தக்கது. முன்பின் தெரியாத ஒருவர் திரும்பத் திரும்ப வந்து பழகும்போது, உணவு கொடுத்ததைவிடத் தலையைத் தடவிக் கொடுத்தது தெருநாயின் நம்பிக்கையை அதிகம் வளர்த்தது. 2017-இல் வெளியானது. தெருநாய் என்றால் சோற்றுக்காக மட்டும் வாலாட்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

சரி, இந்த வழியின் கடினங்களையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முதலாவது, மனசு. 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளை இந்தக் குழு தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்டது. இனப்பெருக்க வயது வரை பிழைத்தவை 19 சதவீதம். இறப்புகளில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்கள் காரணம். தினம் பார்த்து அடையாளம் வைத்திருந்த குட்டி ஒரு காலையில் வண்டியில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்க்கிற மாணவர், அதையும் நேரம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். எடுத்துப்போய் வளர்த்தால் ஆய்வு கெடும், விட்டுவிட்டால் மனசு கெடும். நாயைப் பிடிக்கும் என்பதற்காக இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் உடைகிறார்கள். சேர்வதற்கு முன்பே இதை யோசித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, காலம். வங்காளத் தெருநாய்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் குட்டி போடும். வெளிக் கல்லூரி மாணவர்கள் போக முடிகிறதோ கோடையில். ஐசரின் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டமாக இருந்தாலும், நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகையாக இருந்தாலும், கிடைப்பது இரண்டு மாதம் போல, அதுவும் வெயில் காலத்தில். குட்டிகளைப் பார்க்கும் ஆசையில் போனால் ஏமாற்றம்தான். அதிகாலையிலும் சாயங்காலத்திலும் களம், நடுப்பகலில் கணினி முன் வீடியோ என்றுதான் நாள் போகும். முழுமையாக இதில் இறங்க ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் படிப்பில் சேர்ந்து கடைசி ஆண்டு ஆய்வேட்டை அங்கே செய்யலாம்; அல்லது எம்எஸ்சி முடித்து தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி முனைவர் பட்டத்துக்குப் போகலாம். ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். கொல்கத்தா பக்கம் தனியாக இருக்கும் மாணவர் அதில் சமாளித்துவிடலாம்.

மூன்றாவது, ரேபிஸ். தெருநாய்களோடு வேலை செய்யப் போகிறவர் கடிபட்ட பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. முன்கூட்டியே போடும் தடுப்பூசி இருக்கிறது. இந்திய வழிமுறைப்படி முதல் நாள், ஏழாம் நாள், அப்புறம் 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று தவணை. கோடைத் திட்டத்துக்கு மே மாதம் கிளம்புவதாக இருந்தால் ஏப்ரலிலேயே தொடங்கினால்தான் முடியும். அதைப் போட்டுக்கொண்டாலும், கடித்தால் உடனே சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மறுபடி டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

இப்போது அமெரிக்க ஆய்வறைகள். இவற்றைப் பற்றி ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன்: இங்கே மாணவர் வாய்ப்பு என்பது பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் இளங்கலை மாணவருக்கானது. திருச்சியில் பிஎஸ்சி படித்துக்கொண்டே டியூக்கில் உதவியாளராகச் சேர்வது ஏறக்குறைய நடக்காத காரியம். அங்கே படிக்கப் போய்விட்டவருக்கு, அல்லது போகப் போகிறவருக்கு, இவை அருமையான இடங்கள்.

டியூக்கில் பிரையன் ஹேர் 2009-இல் நாய் அறிதிறன் மையத்தைத் தொடங்கினார். 2018 முதல் அங்கே நாய்க்குட்டிகளுக்கான மழலையர் பள்ளி ஒன்றும் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் நாய்களை வளர்க்கும் கேனைன் கம்பானியன்ஸ் அமைப்பின் குட்டிகள் எட்டு வாரம் போல வயதில் வளாகத்துக்கு வந்து சில மாதங்கள் தங்குகின்றன. மாணவத் தன்னார்வலர்கள் அவற்றை நடத்திக் கூட்டிப்போகிறார்கள், சுத்தம் செய்கிறார்கள், மனிதரோடு பழக்குகிறார்கள். ஆய்வாளர்கள் நினைவாற்றல், தன்னடக்கம் போன்றவற்றைச் சோதிக்கிறார்கள். எந்தக் குட்டி பின்னாளில் நல்ல உதவி நாயாக வரும் என்பதை இளம் வயதிலேயே சொல்ல முடியுமா என்பதே கேள்வி. தன்னார்வலராக அங்கே கிடைப்பது குட்டி வளர்ப்பில் நல்ல அனுபவம். ஆனால் அது ஆராய்ச்சி அனுபவம் ஆகாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் எழுதினால், முனைவர் பட்ட நேர்காணலில் ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். ஆராய்ச்சி வேண்டும் என்றால், சோதனைப் பக்கத்து உதவியாளர் இடத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

யேலில் லாரி சான்டோஸின் ஆய்வகமும், நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரியில் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸின் ஆய்வகமும் வீட்டு நாய்களை வைத்தே இயங்குபவை. ஹொரோவிட்ஸின் 2009 ஆய்வு ஒன்றை எல்லா மாணவரும் படிக்க வேண்டும். தப்பு செய்துவிட்டு நாய் முகத்தைத் தொங்கப்போடுகிறதே, அது குற்ற உணர்வா? நாய் தின்னக் கூடாததைத் தின்றுவிட்டது என்று எஜமானரிடம் சில தடவை பொய்யாகச் சொல்லிப் பார்த்தார்கள். நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. எஜமானர் திட்டினாரா என்பதோடுதான் தொடர்பு. 14 நாய்கள்தான், பெரிய கருவி எதுவும் கிடையாது. நல்ல கேள்வி கேட்கத் தெரிந்தால் சின்ன ஆய்வகத்திலும் பெரிய விஷயத்தைச் சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பெரிய மையத்தில் இருபது பேரில் ஒருவராக இருப்பதா, சின்ன ஆய்வகத்தில் பேராசிரியர் அருகில் இருப்பதா என்று தயங்கும் இளங்கலை மாணவருக்கு, சின்னது என்பதே என் பதில்.

இந்த அறைகளில் மாணவரின் வேலை வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதைவிட நுணுக்கமானது. நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு கோப்பைகள் முன்னால் இருக்கும். ஒன்றில் தின்பண்டம். ஆய்வாளர் ஒரு பக்கம் கை காட்டுவார். பிடித்திருப்பவர் அந்த நேரத்தில் தரையைப் பார்க்க வேண்டும். வாரைத் தளர்த்தும்போது கை இடமோ வலமோ ஒரு இழை சாயக் கூடாது. பெர்லினில் கணக்குப் போடுவதாகப் பெயர் வாங்கிய ஹான்ஸ் என்ற குதிரை, கேள்வி கேட்பவரின் உடலசைவைப் பார்த்துதான் விடை சொன்னது என்று 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் காட்டினார். அந்தப் பாடம் இன்றும் வாரைப் பிடித்திருக்கும் மாணவரின் மணிக்கட்டில் இருக்கிறது. சில ஆய்வுகளில் எஜமானருக்குக் கண்ணைக் கட்டிவிடுவதும் இதனால்தான்.

அடுத்தது வீடியோ கோடிங். கொல்கத்தா, யேல், வியன்னா என எங்கே போனாலும் மாணவரின் நேரத்தில் பெரும்பங்கு இதில்தான் போகும். நடத்தைகளின் பட்டியல் ஒன்று முன்னால் இருக்கும், எத்தோகிராம் என்பார்கள். உதட்டை நக்குதல், கொட்டாவி, தலையைத் திருப்புதல், மனிதரைத் திரும்பிப் பார்த்தல் என்று ஒவ்வொன்றுக்கும் வரையறை. ஒரு நிமிடக் காட்சியை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தி, ஒவ்வொரு நடத்தையும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிந்தது என்று குறிக்க வேண்டும். மூக்கை நக்கினால் அது உதட்டை நக்குவதில் சேருமா என்பது மாதிரியான சந்தேகத்தில் அரை மணி நேரம் போகும். பிறகு இன்னொருவர் அதே காட்சியை உங்கள் குறிப்பைப் பார்க்காமல் குறிப்பார். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கப்பா என்ற அளவையால் கணக்கிடுவார்கள், 0.8-க்கு மேல் வந்தால் நிம்மதி. இது சலிப்பான வேலை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சில வாரம் இதைச் செய்தவருக்கு, தெருவில் போகும் நாயின் காது அரை அங்குலம் பின்னால் போனாலும் கண்ணில் படும். இதற்கான போரிஸ் என்ற மென்பொருள் இலவசம்; இத்தாலியின் தூரின் பல்கலைக்கழகத்தில் உருவானது. எந்த ஆய்வகத்திலும் சேராமலே இன்றைக்கே பதிவிறக்கிப் பழகலாம்.

பணம்பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் தன்னார்வம், பாடக் கணக்கில் சேரும் ஆய்வு, சம்பள உதவியாளர் என மூன்று வகை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் பருவத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை சம்பளத்துக்கு வேலை செய்யலாம். ஆனால் கூட்டாட்சி அரசின் வேலை-படிப்பு உதவியும், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்இயு என்ற இளங்கலை ஆய்வுத் திட்டத்தின் கோடை இடங்களும் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். ஆகவே நம்மவருக்குப் பொருத்தமானது பாடக் கணக்கில் சேரும் ஆய்வு: மதிப்பெண் கிடைக்கும், பேராசிரியரின் கவனம் கிடைக்கும், கடைசியில் ஒரு அறிக்கையாவது கையில் இருக்கும். எந்த நாட்டிலும் மாதக்கணக்கில் முழுநேரமும் சம்பளமின்றி உழைக்கச் சொல்லும் இடத்தை, குடும்பம் தாங்கும் என்றால் தவிர, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐரோப்பாவில் இரண்டு இடங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். புடாபெஸ்டில் ஓட்வோஷ் லோரண்ட் பல்கலைக்கழகத்தின் குடும்ப நாய்த் திட்டம் 1994-இல் தொடங்கியது. வில்மோஷ் சானி, ஆடம் மிக்லோஷி, யோஜெஃப் தோபால் மூவரும் நிறுவியவர்கள். நாய் ஆராய்ச்சியை விளையாட்டு என்று பிற அறிவியலாளர்கள் நினைத்த காலத்தில் அதை மதிப்புக்குரிய துறையாக்கியதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அட்டிலா ஆண்டிச்சின் குழு, கட்டிவைக்காமலும் மயக்க மருந்து கொடுக்காமலும், மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் நாயை அசையாமல் படுக்கப் பழக்கி, அதன் மூளை குரல்களை எப்படிக் கேட்கிறது என்று 2014-இல் காட்டியது. 11 நாய்கள். அந்த எண் சின்னதாகத் தெரிந்தால், ஒரு நாயை அப்படிப் பழக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். மூளை, மொழி, குரல் ஆகியவற்றில் நாட்டமும் நிரலெழுதும் திறமையும் இருப்பவருக்கு இந்த இடம். ஹங்கேரி அரசின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிக்கும் உதவித்தொகைக்கு இந்திய மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். நாய்களோடு வருகிற எஜமானர்கள் பேசுவது ஹங்கேரியன் என்பதை மறக்க வேண்டாம். அந்த மொழி தெரியாதவர் வரவேற்று விளக்கும் வேலையைவிடத் தரவு வேலையில்தான் அதிகம் பயன்படுவார்.

வியன்னாவுக்கு வடக்கே எர்ன்ஸ்ட்பிருன்னில் இருக்கும் ஓநாய் அறிவியல் மையம் வேறு உலகம். ஃப்ரீடரிக்கே ராங்கே, ஜோஃபியா விரானி, குர்ட் கோட்ர்ஷால் ஆகியோர் 2008-இல் தொடங்கியது, இப்போது வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பகுதி. நாயையும் ஓநாயையும் ஒரே மாதிரி கையால் வளர்த்து, ஒரே மாதிரி கூட்டமாக வைத்து ஒப்பிடுவதுதான் இதன் சிறப்பு. ஒரு கயிற்றின் இரு முனைகளையும் இரு விலங்குகள் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் உணவு தட்டு நகரும் என்ற சோதனையில் ஏழு ஓநாய் ஜோடிகளில் ஐந்து வென்றன. எட்டு நாய் ஜோடிகளில் ஒன்றுதான். 2017-இல் வெளியான முடிவு. மனிதரோடு வாழ்ந்ததால் நாய் ஒத்துழைப்பில் ஓநாயைவிட உயர்ந்துவிட்டது என்று சொல்லிவந்தவர்களை இது யோசிக்கவைத்தது. ஆனால் ஓநாயைத் தடவிக்கொடுக்கலாம் என்று நினைத்துப் போகும் மாணவர், வேலிக்கு வெளியே கேமராவோடு குளிரில் நிற்பார். உள்ளே போவது ஆண்டுக்கணக்காகப் பழகிய பயிற்சியாளர்கள். அதே பல்கலைக்கழகம் மனித-விலங்கு உறவுகள்பற்றி ஆங்கிலத்தில் நடத்தும் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு, இந்த மையத்தையும் அங்குள்ள வீட்டு நாய் ஆய்வகத்தையும் நெருங்குவதற்கு நேர்மையான வழி. சில மாத இன்டர்ன்ஷிப்புக்காக மட்டும் விமான டிக்கெட் போடுவதைவிட அதுவே மேல்.

எங்கும் போக முடியாத மாணவருக்கு ஒன்றும் இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவின் நாய் முதுமைத் திட்டமும் டார்வின்ஸ் ஆர்க் திட்டமும் ஆயிரக்கணக்கான நாய்களின் தரவை ஆய்வாளர்களோடு பகிர்கின்றன. டார்வின்ஸ் ஆர்க் 2022-இல் 18,385 நாய்களின் தரவை வைத்து, ஒரு நாயின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதமே என்றது. ராஜபாளையம் என்றால் இப்படித்தான், லாப்ரடார் என்றால் அப்படித்தான் என்று நம்புகிறவர்களுக்கு அந்த எண் உறைக்க வேண்டும். மெனிடாக்ஸ் என்ற கூட்டுமுயற்சி, கை காட்டும் சோதனையை 20 ஆய்விடங்களில் ஒரே முறையில் நடத்தி 455 நாய்களின் முடிவை வெளியிட்டிருக்கிறது. புள்ளியியலுக்கான ஆர் என்ற நிரல்மொழி தெரிந்தவருக்கு இப்படிப்பட்ட தரவு ஒரு நல்ல முதுகலை ஆய்வேட்டுக்குப் போதும். இந்த வழியில் வருகிறவர் நாயின் கண்ணைப் பார்க்காமலே நாயைப் பற்றி எழுதிவிடும் அபாயம் உண்டு. கூடவே தினம் ஒரு மணி நேரம் சொந்தத் தெருவில் நின்று, உணவு கொடுக்காமல், தொடாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எந்த நாய் என்ன செய்கிறது என்று குறித்துவந்தால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

என்னிடம் ஒரு தங்கையோ தம்பியோ கேட்டால், இளங்கலையில் இருக்கும்போதே போரிஸைப் பழகிக்கொண்டு, மூன்றாம் ஆண்டுக் கோடையில் கொல்கத்தாவுக்கு முயற்சி செய்யச் சொல்வேன். அங்கே இரண்டு மாதம் தாக்குப்பிடித்தவருக்கு, தனக்கு வேண்டியது தெருவா, ஆய்வறையா, மூளையா, ஓநாயா என்று தானே தெரிந்துவிடும். வெளிநாட்டு முதுகலைக்கான முடிவை அதற்குப் பிறகு எடுத்தால் போதும். கால்நடை மருத்துவ மாணவருக்கு மட்டும் வரிசையை மாற்றுவேன்: அவருக்குக் களப் பாதுகாப்பும் நாயைக் கையாள்வதும் ஏற்கெனவே தெரியும், புள்ளியியல்தான் குறையாக இருக்கும், அதனால் தரவிலிருந்து தொடங்கலாம்.

எந்த ஆய்வகத்துக்கு எழுதினாலும் மின்னஞ்சலில் "எனக்கு நாய்கள் என்றால் உயிர்" என்று தொடங்க வேண்டாம். வருகிற கடிதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகின்றன. அவர்களுடைய ஒரு கட்டுரையைப் படித்து அதில் எழுந்த ஒரு கேள்வி, நீங்களே தெருவில் குறித்த ஒரு பக்கத் தரவு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வர முடியும் என்ற விவரம், ரேபிஸ் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்ற தகவல். இவ்வளவு போதும். பதில் வந்தால் நீங்களும் மூன்று கேள்வி கேளுங்கள்: தினசரி யார் வழிகாட்டுவார், என் நேரத்தில் எவ்வளவு களம் எவ்வளவு வீடியோ, நான் சேகரித்த தரவு கட்டுரையானால் என் பெயர் எங்கே வரும். மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பல மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். நல்ல ஆய்வகங்கள் அதற்குத் தயங்காமல் பதில் சொல்லும்.